சபுக்குமலையைத் தேடிய வரி

விஜயலெட்சுமிக்குத் தன்னைப் பற்றிய பெருமை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். பதுளை டவுனில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். அவளும் மறுக்கமாட்டாள். "செஞ்சத செஞ்சேன்னு சொல்றதுல என்னங்க வெக்கம்?" என்று திருப்பிக் கேட்பாள். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் வாங்கிய கிண்ணத்தை, கல்யாணமாகிப் புருசன் வீட்டுக்குப் போனபோது சேலைகளுக்கு நடுவே பொதிந்து எடுத்துப் போனவள் அவள். இன்றைக்கும் அது அவர்கள் வீட்டு டீவிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

தெமோதரைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா கொழுந்தரைக்கிற தேயிலை ஸ்டோரில் வேலை செய்தார். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறுதான் எடுத்தாள், ஆனால் கம்பஸ் போக அது எட்டவில்லை. மற்றப் பிள்ளைகளைப் போலவே கொழும்புக்குப் போய் ஒரு புடவைக் கடையில் நின்று பார்த்தாள். முதலாளி சொல்கிற பொய்யைத் தானும் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டாள். தமிழ் டைப்பிங் பழகினாள். பசறை பஸ்ஸில் கண்டக்டராக இருந்த தினேஸைக் கட்டிக்கொண்டு பதுளையிலேயே குடியேறினாள். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் ஸுபைரா கொமியுனிகேஷனில் வேலைக்குச் சேர்ந்ததும் அப்போதுதான்.

ஃபோட்டோ கொப்பி, லெமினேட்டிங், கல்யாணப் பத்திரிகை, ஒன்லைன் விண்ணப்பம், பரீட்சை முடிவு பார்த்துக் கொடுப்பது என்று அந்தக் கடையில் நாள் முழுக்க ஆட்கள் நிற்பார்கள். கடைக்காரி ஸுபைராவுக்கு ஐம்பது வயதிருக்கும். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். விஜயலெட்சுமிக்கும் அவர் தாத்தாதான். கல்லாவில் இருந்தபடியே கடையின் இரண்டு கணினிகளையும், தெருவையும், எதிர்க்கடைச் சண்டையையும் ஒரே பார்வையில் பார்த்துக்கொள்ளக்கூடிய மனுசி.

கடையில் விஜயலெட்சுமி முதலில் கற்றுக்கொண்டது டைப்பிங்கை அல்ல, பெயர்களை. ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பாஸ்போட்டில் இன்னொரு மாதிரி இருக்கும். தோட்டத்துப் பெயர்களும் அப்படித்தான். வெள்ளைக்காரன் வைத்த பெயரைச் சிங்கள வாய் ஒரு விதமாகச் சொல்லும். தமிழ் வாய் வேறு விதமாகச் சொல்லும். அதைக் கேட்டு எழுதுகிற கை மூன்றாவது விதமாக எழுதிவிடும். போதாததற்குத் தோட்டத்து ஆட்கள் தங்களுக்குள் புழங்குகிற பெயரே தனி. "பிழைன்னு சொல்ல முடியாது தாத்தா, அவங்கவங்க காதுக்குக் கேட்டத எழுதியிருக்காங்க" என்பாள் விஜயலெட்சுமி.

இதனால் அவளுக்குத் தினமும் ஒரு தொல்லை இருந்தது. இணையத்தில் நீளமான அறிவித்தல் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, "நம்ம ஊர் பேரு அதுல இருக்கா பாரும்மா" என்று ஆட்கள் கேட்பார்கள். அவள் கன்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தி, வருகிற தேடல் பெட்டியில் லுணுகலை என்று அடிப்பாள். இல்லை என்று வரும். பிறகு கண்ணால் வரி வரியாகப் பார்த்துக்கொண்டு போனால், லுனுகல என்று நடுவில் கிடக்கும். அடித்த எழுத்து அப்படியே இருந்தால்தான் கணினி காட்டும். ஒரு சுழி கூடினாலும் அதற்கு அது வேறு ஊர்.

ஒருநாள் கல்யாணப் பத்திரிகை ஒன்றை அடித்துக்கொண்டிருந்தபோது விரல் தவறி மேல் வரிசைப் பொத்தான் ஒன்றில் பட்டது. திரை இரண்டாகப் பிளந்தது. வலப்பக்கம் முழுக்கப் பொடிப் பொடியாக ஆங்கில எழுத்துகள். கணினியை உடைத்துவிட்டோம் என்று பயந்து, பிரவுசரை மூடிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தாள். ஆனால் அவளுக்கு மனம் பொறுக்கவில்லை. மறுநாள் கூட்டம் குறைந்த நேரத்தில் அதே பொத்தானை வேண்டுமென்றே அழுத்தினாள். பிளந்த பக்கத்தில் ஒரு தேடல் பெட்டி இருந்தது. அதன் ஓரத்தில் கடுகளவு பொத்தான். அதில் ஒரு புள்ளியும் ஒரு நட்சத்திரமும் மட்டும். அதை அழுத்திவிட்டுப் பெட்டிக்குள் ஒரே ஒரு புள்ளியை வைத்தாள். பக்கத்தில் இருந்த வரி எல்லாம் ஒன்று விடாமல் தேடலில் வந்து விழுந்தது.

"எழுத்தே அடிக்கல, எல்லாம் வருது!" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"என்ன புள்ள வருது?" என்று கேட்டார் ஸுபைரா.

"தெரியல தாத்தா. ஆனா கண்டுபுடிப்பேன்."

கண்டுபிடித்தாள். அதற்குப் பெயர் ரெஜெக்ஸ் என்றும், தமிழில் சுருங்குறித்தொடர் என்கிறார்கள் என்றும் தெரிந்துகொண்டாள். ஒரு சொல்லைத் தேடுவதற்குப் பதிலாக, அந்தச் சொல் எந்தெந்த வடிவத்தில் வரலாம் என்பதை ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிடுகிற வேலை அது. புள்ளி என்றால் ஏதாவது ஓர் எழுத்து. சதுர அடைப்புக்குள் சில எழுத்துகளைப் போட்டால் அவற்றில் ஏதாவது ஒன்று. ஒரு எழுத்துக்குப் பின்னால் கேள்விக்குறி வைத்தால், அது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஆங்கிலப் பாடங்களைப் பாதி புரிந்தும் பாதி ஊகித்தும் படித்தாள். பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் ஒரு சிறு கருவியையும் தேடி எடுத்தாள். அது வந்த பிறகு திரை பிளக்கத் தேவையிருக்கவில்லை. பக்கத்தின் மேலேயே தேடல் பெட்டி வந்தது, பொருந்திய இடங்கள் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தன.

ஆங்கிலச் சொற்களுக்கு எல்லாம் சொன்னபடி நடந்தது. தமிழில்தான் அது முரண்டு பிடித்தது. சதுர அடைப்புக்குள் ணு, னு இரண்டையும் போட்டு லுணுகலையைத் தேடினாள். ஒன்றுமே வரவில்லை. மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். சமையலறையில் தேங்காய் துருவும்போதும் அதே நினைப்பாக இருந்தாள். "பஸ்ஸுல மிச்சக் காசு கேக்குற மாதிரி ஒனக்குள்ளயே பேசிக்கிட்டு இருக்கியே" என்று தினேஸ் சிரித்தான்.

பிடி கிடைத்தது டைப் செய்கிற கையில்தான். ஒரு வாடிக்கையாளருக்கு அடித்துக்கொண்டிருந்தபோது ணு என்ற எழுத்தைத் தவறாக அடித்துவிட்டு அழிப்பான் பொத்தானை ஒருமுறை தட்டினாள். எழுத்து முழுதாகப் போகவில்லை. கொக்கி மட்டும் போய், ண நின்றது. நூறு தடவை பார்த்த சங்கதிதான். அன்றைக்குத்தான் உறைத்தது. நம் கண்ணுக்கு ணு ஓரெழுத்து. கணினிக்கு அது ண என்றும் உகரக் கொக்கி என்றும் இரண்டு. அப்படியானால் ண, ன இரண்டை மட்டும் அடைப்புக்குள் வைத்து, கொக்கியை வெளியே வைக்க வேண்டும். கடைசி லையில் இருக்கிற ஐகாரக் கொம்புக்கு மட்டும் கேள்விக்குறி போட்டால், லை என்று முடிந்தாலும் வரும், ல என்று முடிந்தாலும் வரும்.

லு[ணன]ுகலை?

திரையில் அந்த உகரக் கொக்கி, தொங்க எழுத்தில்லாமல் புள்ளி வட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விநோதமாக நின்றது. என்டர் தட்டினாள். லுணுகலை, லுணுகல, லுனுகலை, லுனுகல, அந்தப் பக்கத்தில் இருந்த எல்லாமே மஞ்சளாகின.

விஜயலெட்சுமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கடையில் நின்ற அறிமுகமில்லாத ஆட்களுக்கும் சேர்த்து அதைக் காட்டினாள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஊவா மழைப் பக்கம் அவள் வாழ்க்கைக்குள் வந்ததும் அந்தக் கடை வழியாகத்தான். பண்டாரவளையைச் சேர்ந்த கிருஷ்ணராஜ் என்ற இளம் ஆசிரியர் ஒருநாள் விளம்பரத் தாள்களை லெமினேட் பண்ண வந்தார். மழைக்காலத்தில் மலைப்பக்கத்து ஆட்கள் தாங்கள் கண்டதைப் ஃபோனிலிருந்து அனுப்ப அவரும் நண்பர்களுமாக ஊவா மழைப் பக்கம் என்று ஓர் இணையப் பக்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். மண் வெடித்திருக்கிறது, சுவர் பிளந்திருக்கிறது, ஊற்று புதிதாகக் கிளம்பியிருக்கிறது என்று வருகிற செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அதில் ஏறும். தொண்டர்கள் அவற்றைப் படித்து, ஒரே இடத்திலிருந்து இரண்டு மூன்று செய்திகள் வந்தால் மாவட்டத்து அனர்த்த அதிகாரிகளுக்கும் அந்தந்தத் தோட்டத்துக்கும் அறிவிப்பார்கள். ஒற்றைச் செய்தி என்றால் அனுப்பியவரோடு பேசிப் பார்ப்பார்கள்.

விளம்பரத்தைப் படித்த விஜயலெட்சுமி, "பகல்ல நான் பாக்குறேங்க. லுணுகலப் பக்கம் எனக்குக் குடுங்க" என்றாள்.

"கடையில வேலை இருக்குமே அக்கா?"

"ரெண்டு கம்பியூட்டர் இருக்கு. எனக்கு ரெண்டு கண்ணும் இருக்கு."

கல்லாவில் இருந்த ஸுபைரா, "அவ செய்வா தம்பி. செய்றத ஊருக்கெல்லாம் செல்லியும் காட்டுவா" என்றார்.

அந்த ஆண்டு கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்யவில்லை, கொட்டியது. பதுளைத் தெருக்களில் தண்ணீர் சாக்கடையைத் தாண்டி ஓடியது. பசறை ரோட்டில் மண் விழுந்து பஸ் நின்றுவிட்டது. தினேஸ் வீட்டில் இருந்தான். கடையில் கூட்டமில்லை. மழைப் பக்கத்திலோ, படிக்கப் படிக்கச் செய்திகள் மேலே ஏறிக்கொண்டேயிருந்தன. பாதிக்கு மேல் வெறும் பயத்தில் அனுப்பியவை. மழை எப்போது விடும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

ஒரே இடத்துச் செய்திகளைச் சேர்த்துக் காட்ட கிருஷ்ணராஜ் ஒரு வழி செய்து வைத்திருந்தார். ஆனால் அனுப்புகிறவர் அடித்த ஊர்ப்பெயரை வைத்துத்தான் அது சேர்த்தது. ஆட்கள் தங்கள் காதுக்குக் கேட்டபடி அடித்தார்கள். விஜயலெட்சுமிக்கு அது முதல் நாளே தெரிந்துவிட்டது. அதனால் தன் பக்கத்து ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெஜெக்ஸ் வரி எழுதி வைத்துக்கொண்டு, மணிக்கொரு தடவை பிரவுசரில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடினாள். முதலில் எல்லாம் ஒழுங்காக அமையவில்லை. ஒரு வரியில் மலை என்ற சொல்லைத் தனியாக விட்டதில் திரை முழுக்க மஞ்சளாகிப் போனது. ஊவாவில் மலை என்ற சொல் இல்லாத செய்தி ஏது?

அன்று காலை லுணுகலைக்கு மேலே இருக்கும் மெல்ரிட்ஜ் தோட்டத்துக்கான வரியைப் போட்டாள். மெல்ரிட்ஜை மெல்றிஜ், மேல்ரிஜ், மெல்ரிச் என்று எழுதுவார்கள் என்பது அவளுக்குப் பழக்கம். கூடவே இன்னொன்றும் தெரியும். அந்தத் தோட்டத்து ஆட்கள் யாரும் மெல்ரிட்ஜ் என்று பேசுவதில்லை. நிழலுக்கு வைத்த சபுக்கு மரங்களை வைத்துச் சபுக்குமலை என்பார்கள். சிலர் சவுக்கு என்று எழுதுவார்கள். அங்கிருந்து வந்தவர்களுக்கு அவள் எத்தனையோ கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்திருக்கிறாள். அதனால் இரண்டு பெயருக்கும் நடுவே ஒரு நிமிர்ந்த கோடு போட்டு, இது அல்லது அது என்று, ச[வப]ுக்கு என்பதையும் சேர்த்திருந்தாள்.

மூன்று இடங்கள் மஞ்சளாகின.

மெல்றிஜ் கீழ் லயத்தில், மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் இரண்டு நாளாகச் சிவப்பாக வருகிறது என்று ஒரு செய்தி. பாக்கியலெட்சுமி என்ற பெண் அனுப்பியிருந்தார். சபுக்குமலைக் கோயில் சுவரில் கை போகிற அளவுக்கு வெடிப்பு என்று இன்னொன்று. மெல்ரிட்ஜ் ரோட்டில் கரண்ட் கம்பம் சாய்ந்து நிற்கிறது என்று மூன்றாவது. ஒவ்வொன்றும் வேறு வேறு ஊராக, ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் கிடந்தது. ஒற்றைச் செய்தி என்பதால் யாரும் அவசரப்படவில்லை.

விஜயலெட்சுமி கிருஷ்ணராஜுக்குப் ஃபோன் பண்ணிச் சொன்னாள். "அதிகாரிகளுக்கு இப்பவே சொல்றேன். நீங்க தோட்டத்துக்குப் பேசுங்க அக்கா" என்றார் அவர். அதிகாரிகள் உடனே ஆளனுப்பத்தான் பார்த்தார்கள். ரோட்டில் விழுந்த மண்ணைத் தாண்டி வர நேரமாகும் என்று தெரிந்தது. அவள் தோட்டத்துத் தலைவர் முருகையாவின் இலக்கத்தைத் தேடிப் பிடித்தாள்.

"யாருங்க?"

"பதுளையில இருந்து விஜயலெட்சுமி பேசுறேங்க, மழைப் பக்கத்துல வேல செய்றேன். ஒங்க தோட்டத்துல இருந்து மூணு சேதி வந்திருக்கு. வாசிக்கிறேன், கேளுங்க."

"கோயில் செவுரா? அது எனக்குத் தெரியும்மா. பழைய செவுரு."

"அது ஒண்ணு. கீழ் லயத்துப் பீலியில தண்ணி செவப்பா வருதாம். ரோட்டுல கரண்ட் கம்பம் சாஞ்சிருக்காம்."

 முருகையா மெதுவாகச் சொன்னார். "கோயிலுக்கு நேர் கீழதான் அந்தப் பீலி. பீலிக்கு நேர் கீழ ரோடு." பிறகு அவரே அதைச் சேர்த்துப் பார்த்தார். "ஒரே நேருல இருக்கேம்மா."

"ஆமாங்கய்யா."

"இந்த மூணையும் எனக்கு ஒருத்தனும் சேத்துச் சொல்லலியே."

"இப்ப நான் சொல்றேங்கய்யா. ஆளுங்கள அங்கேருந்து கெளப்புங்க."

முருகையா நேரத்தை வீணாக்குகிற மனிதர் அல்ல. கோயில் மணியை அடிக்க வைத்தார். கீழ் லயத்துக் குடும்பங்களைப் பிள்ளைகளோடும் சட்டி பானைகளோடும் எதிர் மேட்டில் இருந்த பாடசாலைக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார். தோட்டத்து லொறியில் வயசாளிகளை ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அவரே பேசிச் சொன்னார்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் காலை மழை தணிந்து லேசாக வெயில்கூட எட்டிப் பார்த்தது. விஜயலெட்சுமி கடைக்கு வந்து உட்கார்ந்ததுமே முருகையாவின் அழைப்பு வந்தது. குரலில் நேற்றைய மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

"ஆளுங்க என்னைய ஏசுறாங்கம்மா. புள்ளைங்களுக்குச் சோறாக்க முடியல, ஆட்டுக்குத் தழ போடல. வெயிலடிக்குது, நாங்க லயத்துக்குப் போறோங்கிறாங்க. நான் என்னன்னு சொல்லிப் புடிச்சு வைக்க?"

"கொஞ்சம் பொறுங்கய்யா. பாத்துட்டுச் சொல்றேன்."

வரியைப் போட்டாள். அதே மூன்று மஞ்சள். புதிதாக எதுவும் இல்லை.  ஆட்களை அலைக்கழித்துவிட்டோமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு அவளுடைய வழக்கமான கர்வம் தலைதூக்கியது. தோட்டம் பேசாமல் இருக்கிறது என்பதைவிட, தன் வரி எதையோ பிடிக்கவில்லை என்பதே அவளுக்கு நம்பக்கூடியதாக இருந்தது. சபுக்குமலை என்ற பெயரைப் பல வாய்களில் வைத்துச் சொல்லிப் பார்த்தாள். பசறைப் பஸ்ஸில் அதை எப்படிச் சொல்வார்கள் என்று தினேஸுக்குப் ஃபோன் பண்ணிக் கேட்டாள்.

"சவுக்கமல எறங்குன்னுதான் கத்துவேன். ஏன்?"

சவுக்க. கடைசியில் உகரக் கொக்கி இல்லை. அவள் வரி அந்தக் கொக்கி கட்டாயம் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது. கொக்கிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியைச் சேர்த்து என்டர் தட்டினாள்.

நான்காவது மஞ்சள் தெரிந்தது. கொழுந்து லொறி ஓட்டுநர் ஒருவர் அன்று விடிந்த பிறகு அனுப்பியது. சவுக்கமலை ரோட்டில், சாய்ந்த கம்பத்துக்குப் பக்கத்தில், நேற்று இல்லாத ஊற்று ஒன்று குழாய் உடைந்த மாதிரி பாய்கிறது. தண்ணீர் சேறாக இருக்கிறது. லொறியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

முருகையாவுக்கு அதை ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். "அய்யா, மழ விட்டாலும் மலைக்குள்ள தண்ணி நடமாடுது. ஒருத்தரும் எறங்கக் கூடாதுங்க. என் பேரச் சொல்லியே ஏசட்டும்."

"ஒன் பேரச் சொல்லி ஏன் ஏசணும்? நான் நிக்கிறேன் வாசல்ல" என்றார் முருகையா. நின்றார். பாடசாலை வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்று, இறங்கப் பார்த்தவர்களை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார்.

மத்தியானச் சோற்று நேரத்தில் மலை இறங்கியது. முதலில் சபுக்கு மரங்கள் நின்றபடியே நகர்ந்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிறகுதான் சத்தம் வந்தது. கோயிலின் முன்மண்டபம் போனது. கீழ் லயம் கூரைத் தகரம் வரை மண்ணுக்குள் போனது. ரோடு இருந்த இடம் தெரியவில்லை. ஆடுகள் செத்தன, கோழிகள் செத்தன. மனிதர்கள் எல்லோரும் எதிர் மேட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முருகையா உடனே ஃபோன் பண்ணினார். "எல்லாரும் இருக்காங்கம்மா" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

விஜயலெட்சுமி ஃபோனை மேசையில் வைத்தாள். ஸுபைரா கல்லாவை விட்டு எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தார். அழுவாள் என்று நினைத்திருப்பார். அவள் கொஞ்சம் அழவும் செய்தாள். பிறகு திரையைக் காட்டி, "தாத்தா, அது நான் எழுதுன வரி" என்றாள்.

"தெரியும் புள்ள."

"ஒரு கேள்விக்குறி தாத்தா. ஒரே ஒரு கேள்விக்குறி."

"இனி ஒன்னப் புடிக்க ஏலா" என்றார் ஸுபைரா. சொல்லிவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குக் கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னவர் விஜயலெட்சுமி அல்ல, ஸுபைராதான்.

சபுக்குமலை ஆட்கள் இன்னும் நிரந்தர வீட்டுக்குப் போகவில்லை. எதிர் மேட்டில் தகரக் குடில்களில் இருக்கிறார்கள். காணி தருவதாகப் பேச்சு நடக்கிறது. முருகையா அதற்காக அலைகிறார். ரோடு திறந்த பிறகு ஒருநாள், பீலித் தண்ணீரைப் பற்றி எழுதிய பாக்கியலெட்சுமியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கொழுந்து பறிக்கிற பெண், நாற்பது வயதிருக்கும். உள்ளே வந்து நின்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த மஞ்சள எனக்குக் காட்டுவீங்களா?" என்பதுதான்.

விஜயலெட்சுமி பழைய பக்கத்தைத் திறந்து வரியைப் போட்டாள். பாக்கியலெட்சுமி திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், தன் செய்தியைத் தானே எழுத்துக் கூட்டி வாசித்தார். "மெல்றிஜ்னுதான் போட்டிருக்கேன். சரியா எழுதத் தெரியல" என்று கூசினார்.

"நீங்க எழுதினது சரிங்கக்கா. எப்படி எழுதுனாலும் புடிக்கிற மாதிரிதான் நான் எழுதி வச்சேன்."

"அப்ப மொதல்ல சொன்னது நான்தானே?"

"நீங்கதான். தேதியப் பாருங்க."

பாக்கியலெட்சுமி நிமிர்ந்தார். முருகையாவைத் திரும்பிப் பார்த்து, "கேட்டீங்களா தலைவரே? நான்தான் மொதல்" என்றார். முருகையா சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார். கடைக்குள் பெருமைக்காரர்கள் இருவரானார்கள். இருவரும் சேர்ந்து திரைக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படம் இப்போது பாக்கியலெட்சுமியின் ஃபோனில் முகப்புப் படமாக இருக்கிறது.

கிருஷ்ணராஜ் அவளுடைய வரிகளைக் கேட்டு வாங்கி மழைப் பக்கத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார். இப்போது யார் எப்படி எழுதினாலும் ஒரே ஊருக்குக் கீழே செய்திகள் தாமாகச் சேர்கின்றன. ஆனாலும் புதிய எழுத்து வந்துகொண்டுதான் இருக்கிறது. வரிகளைத் திருத்துவதும் கூட்டுவதும் விஜயலெட்சுமியின் பொறுப்பு. பக்கத்தின் அடியில் அவள் பெயர் இருக்கிறது. அதைப் போடச் சொல்லிக் கேட்டது அவள்தான்.

போன மாசி மாதம் பண்டாரவளையில் தொண்டர்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். வகுப்பெடுத்தவள் விஜயலெட்சுமி. பச்சைப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். தினேஸ் லீவு போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தான். அழிப்பான் பொத்தானை ஒருமுறை தட்டி, ணுவிலிருந்து கொக்கி மட்டும் கழன்று விழுவதைப் பெரிய திரையில் காட்டியபோது, மண்டபத்தில் பலர் தங்கள் ஃபோனை எடுத்துத் தாங்களும் தட்டிப் பார்த்தார்கள்.

முடிகிற நேரத்தில் ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து வந்திருந்த சிங்களப் பெண் ஒருவர் எழுந்தார். எங்கள் எழுத்திலும் னகரம் இரண்டு, லகரம் இரண்டு. எங்கள் ஆட்களும் ஊர்ப்பெயரை மாற்றி மாற்றித்தான் எழுதுகிறார்கள். உங்கள் வரி எங்களுக்கும் ஆகுமா என்று கேட்டார். விஜயலெட்சுமி அதுவரை சிங்களத்தில் முயன்று பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை.

"வாங்க, போட்டுப் பாத்துருவோம்" என்றாள் சிங்களத்தில்.

அந்தப் பெண் மேடைக்கு வந்து, மழைப் பக்கத்தின் சிங்களச் செய்திகளைத் திறந்து தன் ஊர்ப்பெயரை அடித்தார். விஜயலெட்சுமி அழிப்பானைத் தட்டினாள். சிங்கள எழுத்திலிருந்தும் கொம்பு மட்டும் தனியாகக் கழன்றது. இரண்டு னகரங்களையும் அடைப்புக்குள் வைத்தார்கள், கொம்பை வெளியே வைத்தார்கள். என்டர் தட்டச் சொல்லி அந்தப் பெண்ணிடமே விட்டாள். அவர் தட்டினார். மேலிருந்து கீழ்வரை பக்கம் மஞ்சள் பூத்தது. அந்தப் பெண் தன் கையைத் தானே தட்டிக்கொண்டு சிரித்தார். விஜயலெட்சுமி மண்டபத்தைப் பார்த்துத் திரும்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கடைசி வரிசையில் தினேஸ், பஸ்ஸுக்கு விசில் அடிப்பதைப் போலவே நீளமாக ஒன்று அடித்தான்.